பாட்டில் ஆர்க்கிட், பல வீட்டு வளர்ப்பு: டெல்டாவில் எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

ஆய்வகத்தில் அகார் ஜெல்லியில் நாற்று வளர்த்து, மூடியபடியே விற்கும் பாட்டிலைத்தான் ஃபிளாஸ்க் என்கிறார்கள். ஒரு ஃபிளாஸ்க் பாட்டிலில் இருபது முதல் முப்பது ஆர்க்கிட் நாற்று வரும். ஒரே வகையில் அத்தனை செடி ஒரு வீட்டுக்கு அதிகம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து நாலு வகைப் பாட்டிலை வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு குறையும், ஆளுக்கு நாலு வகையும் கிடைக்கும்.

ஆனால் கூட்டாக வளர்ப்பதன் பெரிய ஆதாயம் காசில் இல்லை. ஒரே பாட்டிலில் பிறந்த நாற்றுகள் வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு தண்ணீரில், வெவ்வேறு காற்றில் வளர்கின்றன. ஒரு வீட்டில் மட்டும் வாடினால் கோளாறு அந்த வீட்டில். எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் வாடினால் கோளாறு பாட்டிலில், அல்லது பாட்டிலைப் பிரித்த அன்று நடந்த வேலையில். தனியாக வளர்ப்பவருக்கு இந்த ஒப்பீடு கிடைக்கவே கிடைக்காது. ஆகவே கீழே சொல்லும் எந்த அறிகுறிக்கும் முதல் வேலை இதுதான்: மருந்து டப்பாவைத் திறக்கும் முன், அதே பாட்டில் எண் போட்ட நாற்று மற்ற வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டுப் பயன் இருக்க வேண்டுமென்றால் பிரிப்பு சரியாக நடந்திருக்க வேண்டும். எட்டுப் பேர், நாலு பாட்டில், பாட்டிலுக்கு 25 நாற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த அன்றே நூறு நாற்றையும் எட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கைப்பழக்கம் உள்ள இரண்டு வீடுகள் முதல் இரண்டு மாதம் எல்லாவற்றையும் பாதிப் பாதியாக வைத்து வளர்க்கட்டும். ஒவ்வொரு பாட்டிலின் நாற்றும் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். ஒன்று திருவையாறு பக்கமும் மற்றது திருத்துறைப்பூண்டி பக்கமுமாக இருந்து தண்ணீரும் வேறுபட்டால் இன்னும் நல்லது. திசு வளர்ப்பு வாழை போட்டவர்களுக்கு இது விளங்கும். ஆய்வகத்திலிருந்து வெளியே வந்த ஜி9 கன்று நேரே வயலுக்கு வருவதில்லை. நிழல்வலைக் கூடத்தில் இரண்டு கட்டமாகப் பழக்கிய பிறகே நம்மிடம் விற்கிறார்கள். ஆர்க்கிட் பாட்டிலில் அந்த இரண்டு கட்டமும் நம் பொறுப்பு.

பொங்கல் கூரியர் நெரிசல் ஓய்ந்ததும் பாட்டிலை வரவழைத்து, மாசி முடிவதற்குள் பிரித்துவிடுவது டெல்டாவுக்குப் பொருந்தும். அப்போது மழை இல்லை, வெயிலும் ஏறவில்லை. கத்திரிக்கு முன் வேர் ஊன்ற நாள் கிடைக்கிறது. அது சம்பா அறுவடை நேரம் என்பதால் களத்தில் வேலை இருப்பவரை மட்டும் வளர்ப்பு வீடாக வைக்காதீர்கள். வகையில், டென்ட்ரோபியம் நம் ஊருக்கு எளிது. ஃபெலனாப்ஸிஸும் வாண்டாவும் வளரும், பொறுமை கூடுதலாக வேண்டும். சிம்பிடியம் பூவைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது இரவில் நல்ல குளிர் கேட்கும் செடி. இங்கே இலை வரும், பூ வராது.

“பார்சல் வந்துச்சுண்ணே, உள்ள எல்லாம் கவுந்து கெடக்கு”

மூடியைத் திறக்காதீர்கள். பாட்டிலை நிமிர்த்தி, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, அகார் ஜெல்லி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே பாருங்கள். ஜெல்லி ஒரு பக்கம் சரிந்து, நாற்றின் இலைகள் வெளியே தெரிந்தால் அவசரம் இல்லை. பயணக் களைப்பு தீர சில நாள் விடலாம். நாற்றே ஜெல்லிக்குள் புதைந்திருந்தால் இரண்டு நாளுக்குள் பிரித்துவிடுங்கள், புதைந்த இலை அழுகத் தொடங்கும்.

ஜெல்லி கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஆய்வகத்தில் சேர்க்கும் கரித்தூள். நாற்று வெந்து, கண்ணாடி போல நிறமற்றுப் போயிருந்தால் அது பார்சல் வண்டியிலோ கிடங்கிலோ சூடு பிடித்ததால். அதைக் காப்பாற்ற வழியில்லை. படம் எடுத்து அன்றே விற்றவருக்கு அனுப்புங்கள். பார்சலைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்து போனில் பிடித்து வைப்பது குழுவின் வழக்கமாக இருக்கட்டும், பின்னால் பேச்சுக்கு இடம் இருக்காது.

வந்த பாட்டிலை ‘கொஞ்சம் வெயில் காட்டலாம்’ என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும். மூடிய பாட்டிலில் நேர் வெயில் பட்டால் உள்ளே சூடு சிக்கிக்கொண்டு சிறிது நேரத்தில் எல்லாம் போய்விடும்.

“பாட்டிலுக்குள்ள வெள்ளையா பஞ்சு மாதிரி வருதுக்கா”

முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். வேரின் மேல் மட்டும் மெல்லிய வெண்முடி இருந்தால் அது வேர் முடி, நல்ல அறிகுறி. ஜெல்லியின் மேல் பஞ்சு போலவோ, பச்சை சாம்பல் திட்டாகவோ, வழவழவென்று பால் நிறத்திலோ படர்ந்தால் பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே போய்விட்டது.

ஆர்க்கிட் விதை தூசி போன்றது, அதற்குள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஜெல்லியில் முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் காட்டினார். இன்றைய பாட்டில் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நாற்றுக்கு வைத்த அந்தச் சர்க்கரையே காற்றில் வரும் பூஞ்சைக்கும் விருந்து. நாற்றைவிடப் பல மடங்கு வேகமாக அது வளரும். மூடியை லேசாகத் திறந்து வைத்து ‘காற்றுக்குப் பழக்குவது’ ஆகாது என்று சொல்வதும் இதனால்தான். திறந்தால் அன்றே பிரிக்க வேண்டும்.

பூஞ்சை வந்த பாட்டிலை அன்றே பிரியுங்கள். நாற்று இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, வேரும் விட்டிருந்தால் பெரும்பாலானவற்றை மீட்கலாம். அந்தப் பாட்டிலைக் கடைசியாகத் திறங்கள். நல்ல பாட்டில்களோடு ஒரே தண்ணீரில், ஒரே தட்டில் சேர்க்காதீர்கள். அதற்கு மட்டும் தனி எண் போட்டு, தனித் தட்டில் வையுங்கள். குழுவில் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்பதால், ‘கெட்ட பாட்டில் யாருக்கு’ என்ற பேச்சே எழாது.

ஜெல்லியைக் கழுவுவதில்தான் எல்லோருக்கும் பொறுமை போய் அவசரம் வரும். வாய் குறுகிய கண்ணாடிப் பாட்டிலென்றால் நாற்றை இழுத்துப் பிய்க்காமல், பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிக் கையுறை போட்டுக்கொண்டு உடைத்து எடுங்கள். அகலமான பேசினில் அறை வெப்பத் தண்ணீர் வைத்து, நாற்றுக் கொத்தை அதில் ஆட்டி ஆட்டி ஜெல்லியைக் கரையுங்கள், தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். வேர் இடுக்கில் பட்டாணி அளவு ஜெல்லி தங்கினாலும் ஒரு வாரத்தில் அங்கேதான் பூஞ்சை தொடங்கும். வேர் சிக்கல் பிரியவில்லையென்றால் இழுக்காதீர்கள், இரண்டு மூன்றைச் சேர்த்தே நடலாம். பிறகு கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் பாக்கெட்டில் அச்சிட்ட அளவில் சில நிமிடம் முக்கி எடுத்து, காகிதத்தின் மேல் பரப்பி, இலையின் ஈரம் உலர்ந்த பின் நடுங்கள்.

“வச்ச மூணாம் நாளே இலை சுருங்கிப் போச்சு”

பாட்டிலுக்குள் காற்றே ஈரமாக இருந்தது. அதனால் இலைக்கு நீரைப் பிடித்து வைக்கும் மெழுகுத் தோல் சரியாக உருவாகவில்லை. வெளியே வந்ததும் வேர் குடிப்பதைவிட இலை இழப்பது அதிகமாகிறது. இதைப் பார்த்துவிட்டு ஊற்று ஊற்று என்று தண்ணீர் ஊற்றுவதுதான் நாற்றைக் கொல்கிறது. செடி கேட்பது காற்றில் ஈரம்; நாம் கொடுப்பது வேரில் வெள்ளம்.

நாற்றுத் தட்டின் மேல் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் டப்பாவையோ, கம்பி வளைத்துப் பாலித்தீன் தாளையோ மூடுங்கள். முதல் வாரம் காலையில் ஒருமுறை திறந்து காற்று மாற்றினால் போதும். அடுத்த வாரத்திலிருந்து ஒரு விரல் இடைவெளி, அதற்கடுத்து இரண்டு விரல் என்று ஐந்தாறு வாரத்தில் மூடியை முழுதாக எடுத்துவிடலாம். மேலே 75 சதவீத நிழல்வலை. மின்விசிறி நேராக அடிக்கும் இடமும் வாசல் காற்று வீசும் இடமும் ஆகாது. பழைய வீடென்றால் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் அருமையான இடம்: வெளிச்சம் உண்டு, நேர் வெயில் இல்லை, தரை குளிர்ச்சி. ஒரு வளர்ப்பு வீட்டில் சுருங்கி மற்றதில் சுருங்கவில்லையென்றால் முதலில் மூடியையும் காற்றையும் ஒப்பிடுங்கள். தண்ணீர்க் கணக்கு அதற்கப்புறம்.

“அடியில கறுத்து, கொத்துக் கொத்தா சாயுது”

இதுதான் நாற்றழுகல், இருப்பதில் பெரிய சேதம் தருவது. நேற்று நிமிர்ந்து நின்றது இன்று வெந்த கீரையாய்ப் படுத்திருக்கும். தொட்டால் அடித்தண்டு கையோடு வரும்.

கும்பகோணம், திருவையாறு பக்கம் கொடிக்கால் வைத்தவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் இந்த இடத்தில் அவர் சொல்வதைக் கேளுங்கள். வெற்றிலைக்கும் ஆர்க்கிட் நாற்றுக்கும் வேண்டியது ஏறக்குறைய ஒன்றே: அகத்தி நிழல் போன்ற சல்லடை வெளிச்சம், ஈரக் காற்று, ஆனால் அடியில் நீர் தங்காத நிலம். வெற்றிலையைத் தூரோடு வாட வைக்கும் பைட்டாஃப்தோரா வகை நுண்ணுயிர்தான் ஆர்க்கிட்டையும் தாக்குகிறது. கொடிக்காலில் பழகிய கண் அழுகலை நம்மைவிட முன்பே பிடித்துவிடும்.

செய்ய வேண்டியது: சாய்ந்ததையும் அதைச் சுற்றி விரல் அகலத்துக்கு நின்றவற்றையும் ஊடகத்தோடு (நாற்றை நட்டிருக்கும் கலவையோடு) அள்ளி எறியுங்கள். நின்றவை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் இரக்கப்பட வேண்டாம். மீதியை மூடி இல்லாமல் ஒரு நாள் காற்றாட விடுங்கள். மருந்தில் ஒரு விஷயம் கவனம்: கடையில் ‘அழுகலுக்கு’ என்று கேட்டால் கார்பன்டசிம் கொடுத்துவிடுவார்கள். அது பல பூஞ்சைக்குக் கேட்கும், ஆனால் நாற்றழுகல் தரும் பித்தியம், பைட்டாஃப்தோரா வகைக்குக் கேட்காது. அதற்கு மெட்டலாக்சில் சேர்ந்த மருந்து வேண்டும். தாமிரம் கலந்த மருந்தை டென்ட்ரோபியத்தின் மேல் அடிக்காதீர்கள், இலை கருகும். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசல் தடுப்புக்கு நல்லது. ஆனால் அழுகல் வந்தபின் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மருந்தைவிட முக்கியம் ஊடகம். ஸ்பேக்னம் பாசியை இறுக்கித் திணித்த தட்டில்தான் இந்த நோய் அதிகம் வரும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊரில் பாசி கொடுக்கும் பலனை ஈரம் உலராத கார்த்திகை மாதத்து மயிலாடுதுறையில் எதிர்பார்க்கக் கூடாது. சீமைக்கருவேலங்கரியை அரை அங்குலத்துக்கும் குறைவாக உடைத்துத் தூளைக் கழுவிவிட்டு, அதே அளவு தேங்காய் மட்டைத் துண்டோடு கலந்து, மேலே மட்டும் மெல்லிதாகப் பாசி போடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது.

அடைமழை நாளில் தட்டுகள் கூரையின் கீழ் போய்விட வேண்டும், மழைச்சாரல் கூடப் படக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் தொங்கும் தொட்டி எல்லாம் தரைக்கு இறங்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், தென்னையையே வேரோடு சாய்த்த ஊர் இது. நிழல்வலைக் கம்பத்தை நம்பி இருக்க வேண்டாம்.

“ராத்திரி பார்த்தேன், நல்லா இருந்துச்சு; காலைல இலை தண்ணியா ஒழுகுது”

ஒரே இரவில் பரவுவதும், நீர்கோத்துக் கண்ணாடி போல ஆவதும், நாற்றமடிப்பதும் பாக்டீரியா மென்னழுகல். பூஞ்சைக்கொல்லி இதற்கு வேலை செய்யாது. சிறு நாற்றை எறிந்துவிடுங்கள். கொஞ்சம் வளர்ந்த செடியில் என்றால், தீயில் காட்டி ஆறவைத்த பிளேடால் நல்ல பகுதியில் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தொட்டு, இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் தனியே வையுங்கள். தூள் வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும்.

மாலையில் தெளித்த தண்ணீர் இலைக் குருத்தில் இரவெல்லாம் நின்றால் இது வரும். தண்ணீர் காலையில் மட்டும். ஃபெலனாப்ஸிஸ் குருத்தில் தண்ணீர் நின்றால் காகித நுனியால் ஒற்றி எடுங்கள்.

“வேர் நுனி கறுக்குது, இலை நுனி காயுது”

இந்த அறிகுறி கடைமடைப் பக்கத்து வீட்டிலிருந்துதான் முதலில் வரும். திருவையாற்றில் அதே நாற்று பச்சை நுனியோடு வேர் ஓட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி தீர்ப்பு வந்துவிடும்: தண்ணீர்.

ஆர்க்கிட் மரத்தின் மேல் வாழ்ந்து மழையைக் குடித்து வளர்ந்த குலம். உப்புத் தண்ணீர் அதற்குப் பழக்கமே இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத அளவு உவர்ப்பு. தென்னை தாங்கும், நாற்று தாங்காது. குழுவுக்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான், எல்லா வீட்டையும் சுற்றி வரட்டும். 100 பிபிஎம்முக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 200 வரை அவ்வப்போது மழைத் தண்ணீர் விட்டுக் கழுவிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் நாற்றுக்கு வேறு தண்ணீர் பாருங்கள். ஒருமுறை அளந்து விட்டுவிடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் வரும்போதும் கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போதும் ஒரே போரின் அளவு மாறும்.

வேறு தண்ணீர் என்றால் மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுக்கூரையோ மாடியோ முதல் மழையில் கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து மூடிய டிரம்மில் பிடியுங்கள். நாற்றுத் தட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லிட்டர் போதும் என்பதால் இரண்டு டிரம் நீண்ட நாள் வரும். கொசு புகாமல் வாயில் துணி கட்டுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் நல்ல தண்ணீரும் ஆகும். ஆனால் வீணாகப் போகிறதே என்று அதன் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது பல வீட்டில் வழக்கம். உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அந்தத் தண்ணீரில்தான்.

தண்ணீர் சரியாக இருந்தும் வேர் கறுத்தால் மட்டையைச் சந்தேகியுங்கள். தேங்காய் மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருக்கிறது. கடற்கரைத் தோப்பு மட்டையென்றால் கூடுதல். துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, தேநீர் நிறம் இறங்குவது நிற்கும் வரை விடுங்கள். ஒரு வாரம் பத்து நாள் ஆகும். கடைசித் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஊகம் தேவையில்லை. குழுவுக்கு வேண்டிய மட்டை முழுவதையும் ஒரே வீட்டில், ஒரே தொட்டியில் ஊறவைத்துப் பங்கிடுங்கள். ஆளுக்கொரு மட்டை என்றால் நாளை ஒப்பிடும்போது காரணம் தண்ணீரா மட்டையா என்று பிரித்தறிய முடியாது.

தண்ணீரும் மட்டையும் நல்லதென்றால் மிச்சம் உரம். முதல் இரண்டு மூன்று வாரம் உரமே வேண்டாம். பிறகு உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்குக் கால் கிராம், வாரம் ஒருமுறை. வாழைக்கு விடும் அளவை நினைத்து யாரும் கைப்பிடிக் கணக்கு போடக் கூடாது. உரம் விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மழைத் தண்ணீர் மட்டுமே விடும் வீட்டில் கால்சியம் குறையும். மாதம் ஒருமுறை சிட்டிகை கால்சியம் நைட்ரேட் தனியாகக் கரைத்து விடலாம்.

இலை நிறம் மாறினால்

வெளுத்து மஞ்சளானால் வெளிச்சம் அதிகம் அல்லது பசி. எல்லா வீட்டிலும் மஞ்சளென்றால் பசி, மாடி வீட்டில் மட்டும் மஞ்சளென்றால் வெளிச்சம். செம்பு நிறம் ஏறினால் வெளிச்சம் விளிம்பில் இருக்கிறது. டென்ட்ரோபியத்துக்கும் வாண்டாவுக்கும் அது கெடுதல் இல்லை, ஃபெலனாப்ஸிஸை நிழலுக்கு மாற்றுங்கள். கரும்பச்சையாய்த் துவண்டால் வெளிச்சம் போதவில்லை. ஒரு பக்கம் மட்டும் காகிதம் போல வெளுத்துக் காய்ந்தால் வெயில் சுட்டது. அந்தத் திட்டு மாறாது, பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மொசைக் போல வெளிர்ப்பச்சைக் கோடும் பள்ளமும் வந்தால் வைரஸாக இருக்கலாம். விதையிலிருந்து வளர்த்த நாற்று பொதுவாக வைரஸ் இல்லாமல்தான் பாட்டிலை விட்டு வருகிறது. அது உள்ளே நுழைவது உறுப்பினர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய செடியிலிருந்தும், வீடு வீடாகப் போகும் கத்தரிக்கோலிலிருந்தும். மருந்து கிடையாது. கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி தீயில் காட்டுங்கள், புது நாற்றைப் பழைய செடிகளோடு தொட்டுக்கொள்ளாமல் வையுங்கள்.

“சாகவும் இல்ல, வளரவும் இல்ல”

மார்கழி, தையில் என்றால் விட்டுவிடுங்கள், இரவுக் குளிரில் வேகம் குறையும். மற்ற மாதத்தில் ஆறு வாரமாகப் புது வேரோ இலையோ இல்லையென்றால் ஒரு நாற்றை மட்டும் தூக்கிப் பாருங்கள். பாசி பச்சையேறிப் புளித்த வாடை அடித்தால் ஊடகம் செத்துவிட்டது, மாற்றுங்கள். ஊடகம் நன்றாக இருந்து வேர் மேலேயே நின்றால் கலவை சீக்கிரம் உலர்கிறது, பாசியைக் கொஞ்சம் கூட்டுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றினால் வளர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சிறு நாற்று நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும்போதுதான் நன்றாக வளர்கிறது. தனித் தொட்டிக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, அதுவும் இரண்டு அங்குலத் தொட்டி.

டென்ட்ரோபியம் பாட்டிலிலிருந்து பூவுக்கு வர இரண்டு மூன்று வருடம், வாண்டாவுக்கு அதைவிட அதிகம். இதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பூச்சியும் நத்தையும்

வேர் நுனி கடித்தது போல இருந்தால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், மழைக்காலத்தில் நத்தை. முட்டைக்கோஸ் இலையைத் தட்டில் வைத்து விடியற்காலையில் எடுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும். வெண்பஞ்சு போல இலைக் கக்கத்தில் இருந்தால் மாவுப்பூச்சி; எறும்பு வரிசையையும் தேடி நிறுத்துங்கள், எறும்புதான் அதைப் பரப்புகிறது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு மூன்று மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் ஏறும் முன் காலையிலேயே தெளியுங்கள். கறுப்புக் கொசு போன்ற சிறு ஈ பறந்தால் ஊடகம் தேவைக்கு மேல் ஈரமாக இருக்கிறது.

“குரூப்புல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க”

செடியின் அறிகுறிகளைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. நாற்று செத்தவர் கூச்சப்பட்டு மௌனமாகிவிடுவார், நன்றாக வளர்ப்பவர் மட்டும் படம் போடுவார். அப்புறம் குழுவுக்கு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. சாவு எண்ணிக்கையைக் கேட்பது குற்றம் சொல்வதற்காக இல்லை என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஒரு வீட்டின் இழப்பு மற்ற ஏழு வீட்டுக்கும் முன்னெச்சரிக்கை. ஒவ்வொரு அமாவாசையன்றும் எல்லோரும் ஒரு படம்: அதே தட்டு, அதே கோணம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், கீழே மூன்றே வரி — எத்தனை உயிர், எந்தத் தண்ணீர், என்ன விட்டேன். யாரும் பாராட்டுக்கோ அறிவுரைக்கோ அவசரப்பட வேண்டாம், முதலில் எல்லாப் படமும் வரட்டும். வயதில் மூத்தவர்கள் போனில் எழுதத் தயங்கினால் யாராவது ஒருவர் கூப்பிட்டுக் கேட்டு எழுதிவிடுங்கள். “ஐயா, உங்க 3-ஆம் நம்பர் எத்தனை நிக்குது?” என்று கேட்டால் பதில் வரும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் வரும்.

“எது எந்தப் பாட்டில்னு தெரியல”

பேனா மை நம் வெயிலில் அழிந்துவிடும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவைப் பட்டையாக வெட்டிப் பென்சிலால் எழுதினால் ஆண்டுக் கணக்கில் நிற்கும். பெயரோடு எண்ணும் போடுங்கள்: பாட்டில் எண், வளர்ப்பு வீட்டின் எழுத்து. ஒரு பட்டை செருகலாக, இன்னொன்று ஊடகத்துக்குள் புதைத்து. பெயர் தொலைந்தால் ஊகித்து எழுத வேண்டாம், ‘பெயர் இல்லை’ என்றே எழுதுங்கள்.

“பெரிய கன்னெல்லாம் அவங்களுக்கே போயிடுச்சு”

இந்த மனத்தாங்கல் ஒருமுறை விழுந்தால் குழு உடையும். பிரிக்கும் நாளில் நாற்றைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று அடுக்கி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் பங்குக்குச் சமமாக எடுத்துக் கட்டுகள் செய்து, சீட்டுக் குலுக்குங்கள். வளர்ப்பு வீடுகளின் உழைப்புக்கு ஆளுக்கு ஒரு பங்கு கூடுதலாக என்று முன்பே பேசிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. பாட்டில் பணம் ஆர்டருக்கு முன்பே கைக்கு வந்துவிட வேண்டும். நடுவில் விலகுபவரின் பங்கு காத்திருப்பவருக்குப் போகும் என்பதையும் எழுதி வையுங்கள்.

“தாய்லாந்துலேர்ந்து மச்சான் வர்றான், பெட்டியில போட்டுக் கொண்டாரச் சொல்லவா?”

வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவர நோய்த்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். மலைக்குப் போகிறவர் காட்டு ஆர்க்கிட்டை மரத்திலிருந்து பிய்த்து வருவதும் வேண்டாம். குளிர் மலையில் வளர்ந்தது டெல்டா வெயிலில் பெரும்பாலும் பிழைக்காது, காட்டில் ஒன்று குறைந்ததுதான் மிச்சம். காட்டு வகைகளைப் பார்க்க ஆசையென்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, குழுவாகப் போய் வரலாம்.

“படத்துல பார்த்த பூ மாதிரி இல்லையே”

வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி: விதை நாற்றா, திசுப் பிரதியா? திசுப் பிரதி என்றால் அநேகமாக எல்லாம் தாயைப் போலவே பூக்கும். விதை நாற்று என்றால் ஒரு பாட்டிலின் 25 நாற்றும் உடன்பிறப்புகள். நிறமும் அளவும் ஒவ்வொன்றும் வேறாக வரும். கூட்டு வளர்ப்புக்கு நான் விதை நாற்றையே சொல்வேன், எட்டு வீட்டிலும் எட்டு விதப் பூ பார்க்கக் கிடைக்கும். முதல் பூவை வைத்து முடிவு கட்டாதீர்கள், இளம் செடியின் பூ சிறுத்துத்தான் வரும். இரண்டாம், மூன்றாம் பூப்பில் எது சிறந்தது என்று குழுவாகப் பாருங்கள். டென்ட்ரோபியம் என்றால் பழைய தண்டின் கணுவில் குட்டிக் கன்று முளைக்கும். அதற்கு இரண்டு அங்குல வேர் விட்டதும் வெட்டி, தாயின் அதே எண்ணை எழுதி, அந்தப் பாட்டிலில் தன் பங்கை இழந்தவருக்கு முதலில் கொடுங்கள்.